கட்டணமில்லாத எறிபயிற்சித் தடம்

ஜேர்மனியில், பீலெஃபெல்டிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு சிறு நகரத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நாங்கள் பதினேழு தமிழர் கிரிக்கெட் விளையாடினோம். பதினொருவர் போதும்தான். ஆனால் மிச்ச ஆறு பேரையும் கழிக்க முடியாது. அவர்களில் இரண்டு பேரிடம்தான் கார் இருந்தது.

விளையாடியது ஒரு பள்ளிக்கூட முற்றத்தில். தார் போட்ட முற்றம். விழுந்தால் முழங்கால் உரியும், அடித்தால் பந்து மதிலைத் தாண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித் தாண்டிய பந்து பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், யாருடையதோ பிறந்தநாள் கேக்கின் நடுவில் போய் இறங்கியது. எங்கள் கழகத் தலைவர் மன்னிப்புக் கேட்கப் போனார். அரை மணி நேரம் கழித்து, கழுவித் துடைத்த பந்தோடும் ஒரு தட்டுக் கேக்கோடும் திரும்பி வந்தார். மறுநாள் பள்ளிக்கூடம் முற்றத்துக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டது.

தலைவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவினார். ஆனால் கழக வேலையாக வெளியே போவதென்றால் கோட்டும் டையும் இல்லாமல் கிளம்ப மாட்டார். நான் செயலாளர். கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. விளையாட்டில் நான் கடைசியாகத் துடுப்பெடுத்துப் போய் முதலாவதாகத் திரும்பி வருகிறவன். என்னைச் செயலாளராக்கியதற்குக் காரணம் ஒன்றுதான்: நான் அன்ட்ராக் எழுதுவேன். அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். ஜேர்மன் மொழியில் எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது, பகிடி விடத் தெரியாது. ஆனால் வீட்டு உதவிக்கோ, பிள்ளையின் பாலர் பள்ளிக்கோ, நான் நிரப்பிக் கொடுத்த படிவம் எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம்தான் பிறகு என்னை மாட்டிவைத்தது.

நகரத்தின் எல்லையில் ஆங்கிலேய இராணுவ முகாம் ஒன்று இருந்தது. அதன் கம்பி வேலிக்கு வெளியே ஒரு புல்வெளி. புல்வெளியின் கீழ்க்கரையில் ஒரு குளம். அந்தப் புல்வெளியில் விளையாட நகரசபையிடம் அனுமதி கேட்டோம். விளையாடலாம் என்றார்கள். ஆனால் பந்து வீசுவதற்கு இருபது மீற்றர் நீளத்தில் ஒரு சீமெந்துத் தடம் வேண்டும் என்று நான் எழுதியதும் கதை மாறிவிட்டது. சீமெந்து என்றால் கட்டடம். கட்டடம் குளத்துக்குப் பக்கத்தில் என்றால் தேரை. தேரை என்றால் சுற்றுச்சூழல் பரிசோதனை. அந்தப் பரிசோதனைக்கு ஜேர்மன் மொழியில் ஒரே சொல்தான். ஆனால் எங்கள் ஊர் ரயிலைப்போல நீளமான சொல். நான் அதைத் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"தம்பி," என்றார், "நீ இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ளை ஒரு ஓவர் போட்டு முடிச்சிடலாம்."

பரிசோதனைக்கான படிவத்தை வாங்க நான் ஒரு செவ்வாய்க்கிழமை சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சிரிக்காமல் பேசுவார். அவர் பேசுவதில் எது பகிடி, எது சட்டம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அங்கே கட்டணம் இருந்தது. நாங்கள் பதினேழு பேரும் இரண்டு வருடம் ஒழுங்காகச் சந்தா கட்டினால்தான் அந்தத் தொகை சேரும். ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் நான்கு பேர்.

"படிவம் கொடுக்கும்போதே கட்ட வேண்டுமா?" என்று கேட்டேன்.

"கொடுக்கும்போதே."

"பரிசோதித்துப் பார்த்து, அங்கே தேரையே இல்லை என்றால்?"

"இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்."

நான் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் உள்ளே வந்தார். முகாமின் கட்டட வேலைகளைப் பார்க்கும் குமாஸ்தா. தலையணைத் தடிப்பில் இருந்த கோப்பு ஒன்றை மேசையில் வைத்தார். டாங்கிகளைக் கழுவுவதற்கு ஒரு சீமெந்து மேடை. அதே குளத்துக்கு மறுகரையில். வரைபடத்தை நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் தடத்தைப்போல நாற்பதை அந்த மேடையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கலாம். அம்மா முதல் பக்கத்தைப் பார்த்தார், ஒரு முத்திரையை எடுத்துக் குத்தினார். கட்டணம் இல்லை. குமாஸ்தா 'நல்ல நாளாகட்டும்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"அவர்கள் கட்ட வேண்டியதில்லையா?"

"இராணுவத் திட்டங்களுக்கு இந்த மாநிலத்தில் விண்ணப்பக் கட்டணம் கிடையாது."

"டாங்கி கழுவின தண்ணீர் தேரையிடம் போகாதா?"

"அதைத்தான் பரிசோதிப்போம். பரிசோதனை உண்டு. கட்டணம்தான் இல்லை. தேரைக்கு அவர்களும் ஒன்று, நீங்களும் ஒன்று."

"நாங்களும் கட்டாமல் இருப்பதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?"

அம்மா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "உங்களிடம் ஓர் இராணுவம் இருக்க வேண்டும்," என்றார்.

எனக்குப் பின்னால் ஏதாவது படை இருக்கிறதா என்று அகதி விசாரணையில் வேறு ஓர் அலுவலகம் வேறு தொனியில் என்னிடம் கேட்டிருந்தது. அங்கே சொன்ன பதிலையே இங்கேயும் சொன்னேன். இல்லை என்றேன்.

பின்னேரம் தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஹோட்டலின் பின்பக்கத்தில் ஏப்ரனோடு நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். டாங்கிக் கதையைக் கேட்டதும் சிகரெட்டைச் சுவரில் நசுக்கி அணைத்தார். எங்கள் ஊரில் இராணுவம் ஒரு வீட்டு வளவை எடுப்பதென்றால் கட்டணமும் கிடையாது, படிவமும் கிடையாது, தேரையைப் பற்றிய பேச்சே கிடையாது. அவருடைய தங்கையின் வீடும் கிணறும் அப்படித்தான் ஒரு முகாமுக்குள் போயின. அதை நினைத்துத்தான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தார்.

"உந்த மனுசி என்ன சொன்னவ? எங்களிட்டை ஒரு ஆமி இருக்கோணும் எண்டோ?"

"ஓம் அண்ணை. சும்மா சொன்னவ."

"எங்களிட்டை இல்லைத்தான். ஆனால் வேலிக்கு அங்காலை ஒண்டு சும்மா நிக்குதெல்லே. அதுவும் கிரிக்கெட் விளையாடுற ஆமி."

அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் முகாமின் வாசலுக்குப் போனோம். தலைவர் கோட்டின் உள்பையில் தானே எழுதிய ஆங்கிலக் கடிதத்தை வைத்திருந்தார். வழி முழுக்க அதிலுள்ள வசனங்களை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது, துவக்கோடு நின்ற காவலாளி எங்களைத் திரும்பிப் பார்த்ததும், அவர் பேச்சு நின்றுவிட்டது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் தானாகவே நின்று, அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். நானும் என் அட்டையை எடுத்துவிட்டேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். காவலாளிக்கு இருபது வயது இருக்காது. அவன் சங்கடப்பட்டு, "அது வேண்டாம் ஐயா, என்ன விஷயம்?" என்று கேட்டான்.

தலைவர் இருமித் தொண்டையைச் சரிசெய்தார். "கிரிக்கெட்," என்றார்.

விளையாட்டுக்குப் பொறுப்பான சார்ஜன்ட் எங்களை உள்ளே அழைத்துப் போனார். சிவந்த முகம், பெரிய மீசை, இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து ஆள். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. தலைவருடைய ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் கடிதத்தை வாசித்துக்கொண்டு போனவர் இரண்டாவது பந்தியில் எழுந்து நின்றுவிட்டார். முகாமுக்குள் இருந்த பழைய ஆடுகளத்தை லொறி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்களாம். புதிது கேட்டு மூன்று வருடமாக எழுதுகிறாராம். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்கிறார்களாம். நாங்கள் சீமெந்தும் ஆட்களும் தருகிறோம் என்றோம். அவர் பெயரும் முத்திரையும் தருகிறேன் என்றார். புல்வெளியில் வேலியோரத் துண்டு பழைய ஒப்பந்தம் ஒன்றின்படி ஏற்கெனவே முகாமின் பாவனையில்தான் இருந்தது. எல்லாம் சட்டப்படி.

மிச்சம் படிவம்தான். சார்ஜன்டின் அறையில், பால் விட்ட தேநீரோடு, நாங்கள் மூவரும் அதை நிரப்பினோம். நான் ஜேர்மனில் கேள்வியை வாசித்து ஆங்கிலத்தில் சொல்வேன், சார்ஜன்ட் பதில் சொல்வார், நான் ஜேர்மனில் எழுதுவேன்.

திட்டத்தின் நோக்கம் என்ன?

"பௌலிங்," என்றார் சார்ஜன்ட்.

அங்கேதான் நான் பேனாவை நிறுத்தினேன். ஜேர்மன்காரரிடம் பௌலிங் என்றால் பியர் குடித்துக்கொண்டு கட்டைகளை உருட்டி விழுத்தும் விளையாட்டு. அதை எழுதினால் இது இராணுவத் திட்டமா, கேளிக்கை மண்டபமா என்று கேட்பார்கள். எனவே 'வுர்ஃப்' என்று எழுதினேன். வுர்ஃப் என்றால் வீச்சு. எறிதலுக்கும் அதே சொல்தான். திட்டத்தின் பெயர் 'எறிபயிற்சித் தடம்' ஆயிற்று. கைக்குண்டு எறிந்து பழகும் இடத்துக்கும் இராணுவத்தில் ஏறக்குறைய அதே பெயர்தான் என்பது அந்த நேரத்தில் என் மனதில் வரவில்லை. அல்லது, வந்தபோது நான் அதைக் காணாதவன்போல இருந்துவிட்டேன்.

எறியப்படும் பொருள் திட்ட எல்லையைத் தாண்டிச் செல்லுமா?

சார்ஜன்ட் தலைவரைப் பார்த்தார். தலைவர், "நல்லா அடிச்சால் போகும்தானே," என்றார். நான் எழுதினேன்: சாதகமான சூழ்நிலையில், ஆம்.

காயம் ஏற்படக்கூடுமா? விரல்களில். சத்தம்? அவ்வப்போது, பல பேர் ஒரே நேரத்தில். ஒரு பயிற்சி ஆகக்கூடியது எவ்வளவு நேரம் நீடிக்கலாம்?

"ஐந்து நாட்கள்," என்றார் சார்ஜன்ட், மிக மரியாதையோடு.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சார்ஜன்ட் கையெழுத்து வைத்தார், மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். இரண்டு வாரத்தில் முத்திரை குத்தி வந்தது: கட்டணம் இல்லை. தலைவர் அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

பரிசோதனை உண்டு என்று அம்மா சொன்னதை நாங்கள் மறந்துவிட்டோம். பரிசோதனை என்றால் அயலவர்களுக்கு அறிவிக்க வேண்டும். நகர மண்டபத்து அறிவிப்புப் பலகையிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் செய்தி வந்தது. இராணுவம் குளத்தருகே எறிபயிற்சித் தடம் ஒன்று அமைக்கவிருக்கிறது. எறிபொருட்கள் சாதகமான சூழ்நிலையில் எல்லையைத் தாண்டலாம். விரல்களில் காயம் ஏற்படலாம். பயிற்சி ஐந்து நாட்கள் வரை நீடிக்கலாம். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.

அந்தக் கிழமை முடிவதற்குள் புல்வெளிப் பக்கத்து வீடுகளின் மாடங்களில் படுக்கை விரிப்புகள் தொங்கத் தொடங்கின. 'எங்கள் தலைக்கு மேல் வேண்டாம்' என்று ஒன்றில். 'தேரைகளுக்குச் சமாதானம்' என்று இன்னொன்றில். நான் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது அந்த வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போகத் தொடங்கினேன்.

தொழிற்சாலையில் தப்ப முடியவில்லை. எங்கள் பகுதியின் ஃபோர்மன் உயரமான மனிதர். இளமையில் உள்ளூர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல் காப்பாளர், இப்போது அதன் தலைவர். எனக்குத் தெரிந்த ஜேர்மனில் பாதி இவர் சொல்லித் தந்தது, மிச்சப்பாதி தொலைக்காட்சி. காலை இடைவேளையில் ஒரு பட்டியலோடு வந்தார்.

"கையெழுத்து வை," என்றார். "குண்டு எறியும் இடம் கட்டப்போகிறார்களாம். என் வீட்டிலிருந்து இருநூறு மீற்றர். நீ அந்த மாதிரி இடத்திலிருந்து தப்பி வந்தவன். உனக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். சுற்றி ஏழெட்டுப் பேர் ரொட்டி தின்றுகொண்டு பார்த்தார்கள். நான் கையெழுத்து வைத்தேன். பெயரைத் தெளிவாக எழுதச் சொன்னார். தெளிவாக எழுதினேன்.

பின்னேரம் தலைவரிடம் சொன்னேன்.

"நீ எங்களுக்கு எதிராவோ கையெழுத்து வைச்சனி?"

"ஏலாமல் போச்சுது அண்ணை."

"சரி விடு," என்றார். "ரெண்டு பக்கமும் ஆள் இருக்கிறது ஒருவிதத்திலை நல்லதுதான்."

கருத்துக் கேட்கும் கூட்டம் நகர மண்டபத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நடந்தது. நூறு பேருக்குக் குறையாது. பலர் தேர்மோஸில் கோப்பி கொண்டுவந்திருந்தார்கள். மேடையில் சுற்றுச்சூழல் அலுவலக அம்மா. ஒரு பக்கத்தில் சீருடையில் சார்ஜன்ட். அவருக்கு மொழிபெயர்ப்பாளனாக நான். ஃபோர்மன் முன்வரிசையில் இருந்தார். என்னை மேடையில் கண்டதும் முதலில் கையசைத்தார். பிறகு நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பதைப் பார்த்து, கையை மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு வயதான பெண் எழுந்தார். "எறியப்படும் பொருளின் நிறை என்ன?"

நான் சார்ஜன்டிடம் கேட்டேன். "நூற்று அறுபது கிராம் அளவில்," என்றார். மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. எதிர்பார்த்ததைவிடச் சிறியது. புதுவகைக் குண்டாக இருக்க வேண்டும்.

"அது வெடிக்குமா?"

சார்ஜன்ட் யோசித்தார். "சில வேளை தையல் விடும்," என்றார். நான் அதை மொழிபெயர்த்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"ஐந்து நாட்களும் இரவு பகலாகவா எறிவார்கள்?"

"இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்துவோம். பிறகு தேநீருக்கு நிறுத்துவோம். மழை வந்தால் நிறுத்துவோம். வெளிச்சம் குறைந்தால் எல்லோரும் சேர்ந்து வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவோம்."

மண்டபத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இப்படி ஒரு போரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. அப்போதுதான் பின்வரிசையில் தலைவர் எழுந்தார். கோட்டும் டையும். நடுவழியால் நடந்து வந்து, முன்வரிசைக்கு முன்னால் நின்று, கோட்டுப் பையிலிருந்து சிவப்புப் பந்தை எடுத்தார். பார்க்கத் தருவதற்காகத்தான் எடுத்தார். ஆனால் பழக்கத்தில் கையைத் திருப்பி ஒரு சின்னச் சுழல் கொடுத்து மேலே போட்டுவிட்டார். இரண்டு பேர் தலையை மூடிக்கொண்டு குனிந்தார்கள். ஃபோர்மன் மட்டும் இருந்த இடத்திலிருந்தே நீண்ட கையை நீட்டி, ஒற்றைக் கையால் பந்தைப் பிடித்தார்.

பந்தைப் புரட்டிப் பார்த்தார். மணந்து பார்த்தார். "இது தோல்," என்றார்.

"கிரிக்கெட்," என்றேன் நான். வேறு வழியில்லை. முழுக் கதையையும் சொன்னேன்: பள்ளிக்கூட முற்றம், கேக், டாங்கி மேடை, முத்திரை. 'வுர்ஃப்' என்ற சொல் என்னுடையது என்பதையும் சொன்னேன். பந்து வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது. எங்கோ ஒரு மூலையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள், பிறகு அது பரவியது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மா. அவர் கையெழுத்துப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்சேபணை தெரிவித்தவர்களில் முப்பத்தோராவது பெயரும், விண்ணப்பத்தை மொழிபெயர்த்தவரின் பெயரும் ஒன்றாக இருக்கிறதே," என்றார். "ஒரே ஆளா?"

"ஆம்," என்றேன்.

"நீங்கள் உங்கள் திட்டத்தை எதிர்க்கிறீர்களா?"

"கட்டாயப்படுத்தினால் மட்டும்."

மற்றவர் ஃபோர்மன். அவர் எழுந்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினார். "எங்கள் கழகம் உடைமாற்றும் அறை கட்டியபோது இதே கட்டணத்தைக் கட்டினோம். கேக் விற்றும் பழைய பேப்பர் பொறுக்கியும் சேர்த்த பணம். பட்டாளம் என்றால் கட்டணம் இல்லை, பந்து என்றால் உண்டு. சரி. இது பட்டாளமா, பந்தா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. கேக் விற்றதை நான் அறிவேன். நானே இரண்டு துண்டு வாங்கியிருக்கிறேன். என் கெட்டித்தனத்தைப் பற்றி அதுவரை எனக்கிருந்த நல்ல அபிப்பிராயம் கொஞ்சம் இறங்கியது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "விதி விண்ணப்பதாரர் யார் என்று கேட்கிறது. எதை எறிகிறார் என்று கேட்கவில்லை. விண்ணப்பதாரர் இராணுவம். கட்டணம் இல்லை."

"அப்படியென்றால் எங்களிடம் ஏன் வாங்கினீர்கள்?"

"நீங்கள் இராணுவத்திடம் கேட்கவில்லை. இவர்கள் கேட்டார்கள்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "கட்டணம்தான் இல்லை. பரிசோதனை முடியவில்லை. குளத்துத் தேரைகள் வசந்த காலத்தில் காட்டிலிருந்து வீதியைக் கடந்து வருகின்றன. உங்கள் ஆட்களும் கார்களும் வந்தால் நசுங்கும். தேரைகள் வந்து முடியும்வரை விளையாட்டு இல்லை. வரும் தேரைகளை ஒவ்வொரு காலையும் வாளியில் தூக்கிக் குளத்தில் விட வேண்டும். யார் விளையாடுகிறார்களோ அவர்கள்தான் தூக்க வேண்டும். இராணுவத்துக்கும் இதில் விலக்குக் கிடையாது."

நான் மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் எழுந்து சலூட் அடித்தார்.

அடுத்த இரண்டு வாரமும் ஃபோர்மன் என்னோடு பேசவில்லை. வேலையை விரலால் காட்டுவார். என்னை மெருகூட்டும் இயந்திரத்தில் போட்டார். அந்தத் தூசி மூக்கிலிருந்து மூன்று நாளைக்குப் போகாது. ஒருநாள் இடைவேளையில் நானே அவரிடம் போனேன்.

"உங்கள் பட்டியலில் கையெழுத்து வைத்தது பிழை," என்றேன். "முதலே சொல்லியிருக்க வேண்டும்."

"குண்டு என்று நினைத்து நான் நான்கு நாள் நித்திரை கொள்ளவில்லை," என்றார். "உனக்காகவும்தான். நீ பயப்படுவாய் என்று நினைத்தேன்." மறுநாள் என்னைப் பழைய இடத்தில் விட்டார்.

மார்ச்சில் தேரைகள் வரத் தொடங்கின. காட்டோரம் முழங்கால் உயரத்துக்குத் துணிவேலி கட்டி, அடியில் வாளிகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். தேரைகள் வேலியோரம் நடந்து வந்து வாளிக்குள் விழும். விடிந்ததும் நாங்கள் போய் எண்ணி எழுதி, வீதிக்கு அங்கால் கொண்டுபோய் விடவேண்டும். ஆறு தமிழர், ஐந்து சிப்பாய்கள், முறை வைத்து. எங்களில் வேகப் பந்து வீசும் ஒருவர் தேரையைத் தொடவே மாட்டேன் என்றார். தொட்டால் மரு வருமாம். தலைவர் அவருக்குப் பாத்திரம் கழுவும் கையுறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு தேரையின் முதுகில் இன்னொன்று ஏறி இருந்தால் ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று ஒரு தகராறு வந்தது. சார்ஜன்ட் அதை அம்மாவிடம் எழுத்தில் கேட்டார். அம்மா எழுத்தில் பதில் அனுப்பினார்: இரண்டு.

மூன்றாம் நாள் காலையில் வீதியில் ஒரு சைக்கிள் நின்றது. ஃபோர்மன். கையில் தன் சொந்த வாளி.

"உன்னுடைய ஆட்கள் தேரையைப் பிடிக்கும் விதத்தைப் பத்திரிகைப் படத்தில் பார்த்தேன்," என்றார். "பார்க்கச் சகிக்கவில்லை." குனிந்து இரண்டு கையையும் கோப்பைபோல வைத்து, ஒரு தேரையை அள்ளினார். "இப்படி. கீழே இருந்து. கையை இறுக்காதே, ஆனால் கதவைத் திறந்தும் வைக்காதே."

ஏப்ரல் கடைசியில் சீமெந்து போட்டோம். மே மாதத்தில் முதல் ஆட்டம்: சிப்பாய்களுக்கும் எங்களுக்கும். அம்மா வந்திருந்தார். சத்தம் விண்ணப்பத்தில் உள்ள அளவில்தான் இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "எப்போது தொடங்கும்?" என்று கேட்டார். தொடங்கி ஒரு மணி நேரமாகிறது என்றேன். அவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். இன்னும் நடந்துகொண்டிருந்தது.

சார்ஜன்ட் பந்து வீசினாரே, அதைப் பார்த்தால் பத்திரிகையில் வந்த அறிவிப்பு சரிதான் என்று தோன்றும். நாங்கள் தோற்றோம். நான் ஓட்டம் எதுவும் எடுக்கவில்லை. சிப்பாய்கள் துடுப்பெடுத்தபோது எங்கள் விக்கெட் காப்பாளரின் விரல் ஒன்று முறிந்தது. அவரைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபின் அவர் இடத்தில் யார் நிற்பது என்று பார்த்தோம். எல்லைக் கயிற்றோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஃபோர்மன் மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையுறையைத் தலைவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். ஃபோர்மனுக்கு விதிகள் ஒன்றும் தெரியாது. பின்னால் வருவதை விடக்கூடாது என்பது மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

பிறகு பல வருடம் அவர் எங்கள் விக்கெட் காப்பாளர். இடையில் முகாமைக் கலைத்துவிட்டார்கள், சார்ஜன்ட் தன் நாட்டுக்குப் போனார். தடத்தை நகரசபை பொறுப்பெடுத்தது. யாரும் எங்களை எழும்பிப் போகச் சொல்லவில்லை. தேரை தூக்கும் வேலை மட்டும் எங்களோடு நின்றுவிட்டது.

ஒரு கோடையில் தூரத்து நகரம் ஒன்றில் வேறொரு தமிழ்க் கழகத்தோடு ஆட்டம். அவர்களுக்குக் கடைசி ஓவரில் நான்கு ஓட்டம் வேண்டியிருந்தது. துடுப்பெடுத்தவர் மறுமுனையில் நின்றவரிடம் சத்தமாகவே சொன்னார்: "மெல்லத் தட்டிப்போட்டு ஓடுவம். பின்னுக்கு நிக்கிறது வெள்ளை, விளங்காது." பந்து வந்தது, தட்டினார், ஓடினார். ஃபோர்மன் அதற்கு முன்பே கையுறை ஒன்றைக் கழற்றிவிட்டு முன்னுக்கு வந்து நின்றார். பந்தைக் கீழே இருந்து அள்ளி, குச்சியை விழுத்திவிட்டு, பாதி வழியில் நின்றவரைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"ஏலாது, அண்ணை."

அந்த மனிதர் துடுப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போகும்போது என்னருகில் நின்றார். "உவர் ஆர்?" என்று கேட்டார்.

"எங்கடை ஃபோர்மன்," என்றேன்.